சேலைக்கு மேலே போட்ட பனிப் பேண்ட்

ஐஸ் ரூம் கதவு மூடும்போது ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி தொப்பென்று ஒரு சத்தம். எங்கள் ஜூஸ் ஃபாக்டரியில் அந்தச் சத்தத்துக்குப் பயப்படாத பொம்பளை கிடையாது.

சித்தூருக்கு வெளியே இருக்கிற ஃபாக்டரி. சீசனில் லாரி லாரியாகத் தோத்தாபுரி மாங்கா வந்து இறங்கும். முன்னே கூழ் மட்டும்தான் எடுத்தார்கள். வெளிநாட்டுக்காரன் துண்டு கேட்க ஆரம்பித்ததும் துண்டு போட ஒரு ஹாலும், அதை உறைய வைக்க ஒரு ஐஸ் ரூமும் கட்டினார்கள். எங்களை கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து வேனில் ஏற்றிக்கினு வருவார்கள். கரும்புக் கழனியிலும் கடலைக் கொல்லையிலும் கிடந்தவங்க நாங்க. வெயில் எங்களுக்குத் தெரியும். தலையில் துணியைப் போட்டுக்கினு அதோட மல்லுக்கட்டத் தெரியும். குளிரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

ரூம் கதவுக்கு மேலே சிவப்பாக ஒரு எண் எரிந்துகினு இருக்கும். எழுத்தும் எண்ணும் எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தவை. அந்த எண்ணுக்கு முன்னாடி இருக்கிற சின்னக் கோட்டைப் பார்த்து, லைட்டு மேலே ஏதோ பூச்சி ஒட்டிக்கினு கிடக்குது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆளை முடிக்கிறது மைனஸ் என்கிற அந்தக் கோடுதான் என்று ரத்னம்மாவின் காலைப் பார்த்த பிறகு தெரிந்தது.

ரத்னம்மா என்னோடு துண்டு போடுகிறவள். போன சீசனில் ஐஸ் ரூமில் இருந்தாள். தட்டுத் தட்டாகத் துண்டுகளைச் சுமந்துகினு போய் உள்ளே அடுக்க வேண்டும். தட்டிலிருந்து சாறு சொட்டிச் சொட்டிச் சேலை நனையும். நனைந்த சேலை உள்ளே தகரம் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் கால் மரத்துப் போய் வெளியே வந்தவளுக்கு, யாரோ நல்ல எண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். வலது காலில் ரெண்டு விரல் கறுத்துப் போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். "எனக்கு செருப்புல எடம் மிச்சம்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வராது.

இந்த சீசனில் அந்த வேலை என் மருமகள் சந்தியாவுக்கு வந்தது.

சந்தியா எனக்கு மருமகள் மட்டும் இல்லை, என் தம்பி பொண்ணு. என் பையன் கிரண்குமார் அவள் கழுத்தில் தாலி கட்டிய கையோடு குவைத்துக்கு வண்டி ஓட்டப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்றைக்கு ஃபோன் பண்ணுவான். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "யம்மா, சந்தியாவ பாத்துக்க" என்பான். வயசுப் பொண்ணுங்களைத்தான் ஐஸ் ரூமுக்கு அனுப்புவார்கள் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆம்பளைங்களுக்குக் கம்பெனி கோட்டும் பேண்ட்டும் கொடுத்திருந்தது. எங்களுக்குக் கோட்டும் ரப்பர் கம்பூட்டும் மட்டும். சேலை கட்டுகிறவங்களுக்குப் பேண்ட் எதுக்கு என்று மேனேஜர் கேட்டார். சீசன் தொடங்கின அன்றைக்கே பொம்பளைங்க எல்லாரும் ஐஸ் ரூம் கதவுக்கு முன்னாடி குந்திவிட்டோம். ரத்னம்மா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கினு நடுவில் குந்தியிருந்தாள். மேனேஜர் அந்தக் காலைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார். பிறகு தெலுங்கில், நீங்களே போய்ப் பார்த்து எடுத்துக்கினு வாங்க என்றார்.

சூப்பர்வைசர் வேதாச்சலம் என்னையும் சந்தியாவையும் திருப்பதிக்கு அழைத்துக்கினு போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலே ஒரு சந்தில் குடோன். வெளிநாட்டுக்குத் தைத்து, அங்கே வேண்டாம் என்று ஒதுக்கின துணியெல்லாம் அங்கே மலையாகக் கிடந்தது. பாலசுந்தரம் என்கிறவர் அதுக்கு ஓனர். நெற்றி நிறைய நாமம். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகினு பொங்கல் துன்னுகினு இருந்தார்.

"ஐஸ் ரூமுக்கா? அப்ப பனிப் பேண்ட்டுதான்மா. பனியில சறுக்கி வெளையாடறதுக்கு வெளிநாட்டுப் பொம்பளைங்க போடறது."

"வெளையாடறதுக்கா?" என்றாள் சந்தியா.

"ஆமா. மலை மேல ஏறிப் போயி, அங்கேர்ந்து சர்ருனு கீழ சறுக்கிக்கினு வருவாங்க."

"ஏன், எறங்கி வர படிக்கட்டு இல்லியா?"

பாலசுந்தரத்துக்குப் பொங்கல் புரை ஏறிவிட்டது. வேதாச்சலம் அவர் தலையில் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எடுக்கிற துணியில் சந்தியாவின் கால் இருக்குது என்ற நினைப்புதான். முதலில் பாலசுந்தரம் ஆம்பளைப் பேண்ட் ஒன்றைச் சந்தியாவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இடுப்பில் லூசு, பின்னாலே பிடிக்குது. குந்தினால் நடுவில் தெறித்துவிடும். லேடீஸ் தனியாக ஒரு மூட்டையில் இருந்தது. பளபளவென்று தடியாக ஒன்று. அதுதான் நல்லாருக்குது என்றாள் சந்தியா. பாலசுந்தரம் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். துணியைக் குழி மாதிரி பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். நான் அடியில் என் கன்னத்தை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கன்னம் சில்லிட்டது.

"ஒத்து. இது வேணாம்" என்றேன் தெலுங்கு கலந்து.

"கன்னத்த வெச்சிப் பாக்கற ஆள இப்பதான்மா பாக்கறேன்."

இன்னொன்று கறுப்பு. மெலிசாக இருந்தது, ஆனால் உள்ளே பஞ்சு. உள்பக்கம் திருப்பினால் தையல் போகிற வழியெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் வராமல் இருக்க என்றார். இடுப்பில் இழுத்து ஒட்டிக்கொள்ள பட்டை. கால் பக்கம் உள்ளே இன்னொரு சின்னத் துணி, எலாஸ்டிக் வைத்தது. அதை பூட்ஸுக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டால் பனி உள்ளே ஏறாதாம். தண்ணீரை ஊற்றிக் கன்னத்தை வைத்தேன். ரொம்ப நேரம் வைத்துக்கினு இருந்தேன். கன்னம் காய்ந்தே கிடந்தது. துணிக் குழியில் தண்ணீர் போட்டது போட்டபடி நின்றது.

"இதுதான்" என்றேன். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"பொண்ணுக்கு எம் சைஸ் போதும்."

"எக்ஸ்எல் குடுங்க. சேல உள்ள போவணும்."

"சேலையோடவா?"

"பின்ன? சேலைய அவுத்துட்டு ஆம்பளைங்க எதிர்ல நடக்கச் சொல்றியா? உம் பொண்டாட்டிய நடக்க வுடுவியா நீ?"

பாலசுந்தரம் எக்ஸ்எல் மூட்டையைப் பிரித்தார். வேதாச்சலம் கூரையைப் பார்த்தார். சந்தியா பேண்ட்டின் தொடைப் பக்கம் தடவிப் பார்த்து, "அத்த, இங்க ஒரு ஜிப் கீது" என்றாள்.

"அது காத்து போறதுக்கும்மா. உள்ள வேர்த்துச்சுன்னா தெறந்து வுட்டுக்குவாங்க."

"அய்ய! தொடையிலயா?" என்றேன். "வூட்டுக்குப் போனதும் மொதல்ல அதத் தெச்சிடணும்."

அப்படியே தைத்தேன். சந்தியாவுடையது மட்டும் இல்லை, எல்லாப் பொம்பளைங்களுடைய பேண்ட்டையும் ரெட்டை நூல் கோத்து நான்தான் தைத்தேன். திரும்பி வரும்போது வேனிலேயே சந்தியா கேட்டாள், "அத்த, இதப் போட்டுக்கினு அவருக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பட்டா?"

"அனுப்பு. யாரோ ஆம்பள நம்ம வூட்ல நிக்கறான்னு அடுத்த ப்ளேன்ல வந்துடுவான்."

"அப்பனா கண்டிப்பா அனுப்பறேன்" என்றாள்.

பேண்ட் வந்த பிறகு கொஞ்ச நாள் நிம்மதியாகப் போனது. சேலையைத் தூக்கிச் சொருகி, அதுக்கு மேலே பேண்ட்டை ஏற்றி, பட்டையை இழுத்து ஒட்டிக்கொண்டால் பொம்பளைங்க எல்லாம் மூட்டை மாதிரி இருப்பார்கள். ரத்னம்மா, "வாங்கடி நெல்லு மூட்டைங்களா" என்று கூப்பிடுவாள். சாறு மேலே கொட்டினால் வழிந்து கீழே ஓடிவிடும். சந்தியாவின் காலை நான் தினமும் வீட்டில் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். கதவுச் சத்தம் கேட்டால்கூட நெஞ்சு முன்ன மாதிரி அடித்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மாங்கா கழுவுகிற தொட்டியில் ஆள் குறைச்சல். சந்தியாவை அங்கே போட்டிருந்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் ஐஸ் ரூமில் இருந்த பொண்ணுக்கு வயிற்று வலி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேதாச்சலம் சந்தியாவைக் கூப்பிட்டார். தொட்டியிலிருந்து அப்படியே வந்தாள். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தாள். ஹாலில் அவள் நடந்த வழியெல்லாம் ஈரம். கதவு பக்கத்தில் நின்று சேலையைச் சுருட்டிச் சொருகி, பேண்ட்டை ஏற்றிக்கொண்டாள், கம்பூட்டை மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தொப்பென்று கதவு மூடியது.

"நனஞ்ச கோழியாட்டம் உள்ள போறாளே" என்றாள் ரத்னம்மா.

"பேண்ட் கீது இல்ல. ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டுத் துண்டு போட ஆரம்பித்தேன். கை பாட்டுக்கு ரொம்ப நேரம் வேலை செய்தது. சாம்பிளுக்கு எடுத்து வைக்கிற துண்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நிறுவைக்கு வைப்பதற்காக ஒரு கவரைத் தூக்கினேன். உள்ளே இருந்த சாறு மெதுவாக இறங்கி அடிமூலையில் தேங்கி நின்றது. கவரை ஆட்டினேன். சாறு வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? ஒரு சொட்டு ஒழுகாத கவர் அது.

கவரைப் பிடித்தபடியே நின்றேன். குடோனில் துணிக் குழியில் நின்ற தண்ணீர் கண்ணுக்கு எதிரே வந்தது. வெளித் தண்ணீர் உள்ளே போகாது என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேனே, உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? இடுப்பில் பட்டை. காலில் எலாஸ்டிக். தொடையில் இருந்த வழியையும் ரெட்டை நூல் போட்டு நானே அடைத்திருக்கிறேன்.

கவர் கையிலிருந்து விழுந்துவிட்டது. கதவுக்கு ஓடினேன். வேதாச்சலம் குறுக்கே வந்தார்.

"செங்கம்மா, இன்னா இது? இப்பத்தான் நம்பர் எறங்கிச்சி. நம்பர் ஏறிச்சினா மேனேஜர் என்னத் துன்னுடுவாரு. அவளே வெளிய வருவா, இரு."

"சேல ஈரம்யா! உள்ள ஈரம்!"

"அதான் வாட்டர் ப்ரூஃப்பு வாங்கிக் குடுத்தமே?"

அவர் கையைத் தள்ளிவிட்டுக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன்.

உள்ளே ஒரே பனிப் புகை. ஃபேன் இரைச்சல். முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. "சந்தியா! சந்தியா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தட்டு அடுக்குகளுக்கு நடுவே கையால் தடவிக்கினு போனேன். கடைசி அடுக்குக்குப் பின்னாலே கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கிரேட் மேலே அவள் குந்தியிருந்தாள். மடியில் தட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எழுந்திரிடி!"

"குளுரே இல்ல அத்த" என்றாள். நாக்கு குழறியது, கள்ளு குடித்தவன் மாதிரி. "நல்லாத்தான் கீது. கொஞ்சம் குந்திக்கினு வரேன். நீ போ."

என் வயசில் எத்தனையோ பயந்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்திருக்கிறேன், வட்டிக்காரனுக்குப் பயந்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்த மாதிரி எதுக்கும் பயந்ததில்லை. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். கால் வரவில்லை. பின்னாலேயே வேதாச்சலம் வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபக்கம் பிடித்தார். இழுத்துக்கினு வெளியே வந்தோம்.

ஹாலில் லோடு ஏற்றுகிற ஆம்பளைங்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். வேதாச்சலம் தன் கோட்டைக் கழற்றி என் மேலே எறிந்துவிட்டு, "டேய், அந்தாண்ட திரும்புங்கடா! எவனாவது பாத்தீங்க, கண்ண நோண்டிடுவேன்" என்று கத்தி, தானும் முதுகைக் காட்டி நின்றார். பொம்பளைங்க சேலை முந்தானையை விரித்துச் சுற்றி நின்றார்கள்.

பட்டையைப் பிரித்தேன். பேண்ட் இறங்கவில்லை. உள்ளே சேலை மடிப்பு மடிப்பாக விறைத்துத் துணியோடு ஒட்டிக்கினு இருந்தது. தொடை ஜிப்பைத் திறந்தால் கையை விட்டு இழுக்கலாம். ஆனால் நான் போட்ட தையல். பல்லால் கடித்தேன். ரெட்டை நூல், அறுபடவில்லை.

"நவுரு" என்றாள் ரத்னம்மா. கையில் மாங்கா வெட்டுகிற கத்தி. மேலிருந்து கீழ் வரைக்கும் பேண்ட்டை ஒரே இழுப்பில் கிழித்தாள். எலாஸ்டிக்கை அறுத்ததும் அங்கே சேர்ந்திருந்த தண்ணீர், பாதி தண்ணீரும் பாதி ஐஸுமாக, தரையில் கொட்டியது. கம்பூட்டைக் கவிழ்த்தோம், அதிலும் அதே. கால் ரெண்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

யாரோ பாய்லர் பக்கமிருந்து வாளியில் ஆவி பறக்கத் தண்ணீர் எடுத்துக்கினு ஓடி வந்தாள்.

"ஊத்தாதடி!" ரத்னம்மா போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த வாளி ஆடியது. "ஊத்தாத! எங் காலப் பாத்தியா இல்லியா?"

ஈரத்தையெல்லாம் உருவிவிட்டு, கோட்டைச் சுற்றி, ரத்னம்மா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரே குந்தி என் சேலையை விலக்கி அவள் பாதம் ரெண்டையும் என் வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டேன். ரெண்டு கல்லை வைத்த மாதிரி இருந்தது. விடவில்லை.

"வலிக்குதா சந்தியா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல அத்த."

இல்லை இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு ரத்னம்மாவின் செருப்புதான் கண்ணில் நின்றது. வெள்ளிக்கிழமை ஃபோன் வரும். பையனுக்கு நான் என்ன சொல்வேன்? பார்த்துப் பார்த்து எடுத்த பேண்ட்டுடா என்றா?

அப்புறம் அவள் நடுங்க ஆரம்பித்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. "அத்த, ஊசி குத்துது" என்றாள். கொஞ்ச நேரத்தில், "அய்யோ அத்த, எரியுது, வுடு, வுடு!" என்று என் வயிற்றில் உதைத்தாள். உதைக்க உதைக்க நான் இறுக்கிப் பிடித்துக்கினு அழுதேன். "நல்லா கத்துடி" என்றாள் ரத்னம்மா. "எனக்கு இந்தக் கத்தல் வரவேயில்ல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கால் சுண்டுவிரல் மட்டும் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது, கறுக்குதா என்று பார்த்துக்கினு இருங்கள் என்றார். பார்த்துக்கினே இருந்தேன். சோறு வைக்கும்போது பார்ப்பேன், சோறு துன்னும்போது பார்ப்பேன். அழுத்தி அழுத்தி, "வலிக்குதா?" என்பேன். வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தபோது சந்தியாவே எடுத்து, "உங்கம்மா என் காலப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் ஊதியது, தோல் உரிந்தது. உரிந்த தோலுக்கு அடியில் சிவந்த தோல் தெரிந்தது. அன்றைக்கு அழுத்தியபோது சந்தியா என் கையில் பட்டென்று அடித்தாள். "வலிக்குது அத்த, சும்மா இரு!" அதைக் கேட்ட பிறகுதான் பையனுக்கு நானே ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

சந்தியாவைத் துண்டு போடுகிற ஹாலுக்கு மாற்றச் சொல்லி வேதாச்சலத்திடம் கேட்டேன். "அவ எடத்துல யாரு போறது?" என்றார். நான் போறேன் என்றேன். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை திருப்பதிக்குப் போகணும் என்றேன்.

பாலசுந்தரம் நான் தூக்கிக்கினு போன பேண்ட் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒழுகுதா?" என்றார்.

"ஒழுகல. அதான் தொந்தரவே. எல்லாத்தையும் மாத்திக் குடு. பெரிய சைஸ் வேணாம். அவங்கவங்க ஒடம்பு சைஸு. உள்ள சேல இல்ல."

அவர் உள்ளே போட மெலிசாக, ஒட்டினாற்போல ஒரு பேண்ட் தனியாக எடுத்துக் காட்டினார். அதையும் எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுத்த பேண்ட்டுகளில் தொடை ஜிப் தைத்தே கிடந்தது. "இத யாரு இப்டி அடச்சது? இப்டியே எப்டி நான் திருப்பி எடுத்துக்கறது?" என்றார். குந்தி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மாங்கா கிரேட் அடுக்கியிருந்த மூலையில், பொம்பளைங்க முந்தானையைப் பிடித்துக்கினு நிற்க, நான் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். பேண்ட் போட்டேன். மேலே கோட்டு. அந்த மூலையிலிருந்து ஐஸ் ரூம் கதவு வரைக்கும் ஹாலின் முழு நீளம். லோடு ஆளுங்க எல்லாரும் அங்கே. கையில் பிடிக்க முந்தானை இல்லை. காலுக்கு நடுவே காற்று போகுது. அம்மணமாக நடக்கிற மாதிரி இருந்தது.

"நட செங்கம்மா" என்றாள் ரத்னம்மா பின்னாலிருந்து. "உன்ன எவன் பாக்கப் போறான், கெழவி."

யாரோ சிரித்தார்கள். நடந்தேன். சந்தியா கதவைப் பிடித்துக்கினு நின்றாள். என் பட்டையை இழுத்து ஒட்டினாள், காலுக்குக் குனிந்து எலாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தாள், தொடை ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். "நான் இங்கியேதான் நிப்பேன் அத்த" என்றாள்.

உள்ளே போனேன். தொப்பென்று கதவு மூடியது. புகையில் நின்றுகினு பூட்ஸுக்குள்ளே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். குளிர் சுருக்கென்று எல்லா விரலிலும் குத்தியது. முதல் தட்டைத் தூக்கினேன்.